கோடையில் அடுப்புக்கும் ஓய்வு, நமக்கும் ஓய்வு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் "உணவும் உடல்நலமும்" என்ற அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால பேசினவங்க வங்கிக் கடன் பத்தியும் உள்கடன் வட்டி பத்தியும் நல்லா விளக்கமா பேசினாங்க. நான் பேசப் போறது அடுப்படி பத்தி. "அதுல பேச என்னம்மா இருக்கு, தினமும் பார்க்கிறதுதானே" என்று நினைக்க வேண்டாம். தினமும் பார்ப்பதைத்தான் நாம் கணக்கில் எழுதுவதே இல்லை. குழுவில் ஐந்து ரூபாய் அபராதம் வந்தாலும் வரவு வைக்கிறோம். அடுப்படியில் போகும் நேரத்தை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. கூலி இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். அதே வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். நமக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதில் பெரும்பங்கு சமையலும் பாத்திரமும்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்கழி, தை மாசத்துல அடுப்பு முன்னாடி உட்கார்ந்தா இதமா இருக்கும். சித்திரை, வைகாசியில் அப்படியா? தகரக் கொட்டகையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ போட்ட அடுப்படியில், பகல் பதினொரு மணிக்கு மேலே வெயில், கீழே நெருப்பு. நடுவுல நாம. சித்திரை 21-லிருந்து வைகாசி 14 வரை அக்னி நட்சத்திரம். அந்த நாட்களில் வெயிலில் அலையாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். நாம் மட்டும் மூன்று வேளையும் நெருப்பு முன்னால் நிற்கிறோம். தலைச்சுற்றல், நீர்க்கடுப்பு, வேர்க்குரு, ரத்த அழுத்த மயக்கம் என்று கோடையில் நம் பெண்கள் சொல்லும் பாதித் தொந்தரவு அடுப்படியில் தொடங்குகிறது.

இன்னொன்று தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் அடைப்பார்கள், ஜூன் 12-இல் திறப்பார்கள். நடுவில் நாலரை மாசம் காவிரியும் வெண்ணாறும் மணலாகக் கிடக்கும். குளம் வற்றிப் போகும். குழாயடியில் குடம் வரிசையில் நிற்கும். அந்த மாதங்களில் ஒரு பாத்திரம் குறைந்தால் ஒரு செம்புத் தண்ணி மிச்சம், நம் முதுகுக்கும் கொஞ்சம் மிச்சம்.

அதனால் கோடையில் குறைவாகச் சமைப்பதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்ல வேண்டாம். நம் தஞ்சை வட்டாரத்தில் இதற்கென்றே ஒரு முறை இருந்தது. அதை மறுபடி எடுத்து, கொஞ்சம் திருத்தி, நம் வீட்டுக்குள் கொண்டு வரலாம் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

பழையது

முதலில் பழையது. சிலர் பழைய சோறு என்பார்கள். அதிலிருந்து வடிக்கிற தண்ணியை நீராகாரம் என்பார்கள், நீச்சத்தண்ணி என்பார்கள். காலையில் அடுப்பே பற்ற வைக்காமல் ஒரு குடும்பம் முழுக்க வயிறு நிறைய ஒரே வழி இதுதான்.

இதைச் சொன்னதும் சில முகம் சுளிக்கிறது எனக்குத் தெரிகிறது. அதற்குக் காரணம் உண்டு. இந்த மண்ணில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில், நடவுக்கும் அறுப்புக்கும் போன நம் பாட்டிகளுக்குக் கூலியோடு சேர்த்து எட்ட நின்று ஊற்றினது கஞ்சியும் பழையதும்தான். 1952-இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், பழையது என்றால் ஏழைச் சோறு, அடிமைச் சோறு என்கிற எண்ணம் மட்டும் போகவில்லை. கேவலம் அந்தச் சோற்றில் இல்லை. ஊற்றினவங்க மனசில் இருந்தது. நாம் ஏன் சோற்றைத் தள்ளி வைக்க வேண்டும்?

உலகம் அதைத் தள்ளி வைக்கவில்லை. ஒடிசாவில் இதற்குப் பகாளா என்று பெயர். மார்ச் 20-ஆம் தேதியைப் பகாளா நாளாக வைத்து ஊரே கொண்டாடுகிறது. வங்காளத்தில் பாந்தா பாத். 2021-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மாஸ்டர்செஃப் சமையல் போட்டியின் இறுதிச் சுற்றில், வங்கதேசப் பூர்வீகம் கொண்ட கிஷ்வர் சௌத்ரி என்ற பெண், நீர் ஊற்றின சோறும், உருளைக்கிழங்கு மசியலும், மீனும் வைத்தார். நடுவர்கள் பாராட்டிச் சாப்பிட்டார்கள். மூன்றாம் இடம் கிடைத்தது. நம் சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள், குடல் நோய்க்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆய்வில் இறங்கினார்கள். பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் ஊற்றி, வாழையிலை மேல் வைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம்ம வீட்டுல அது ஓசியில இருக்கு.

செய்முறை எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோடையில் சில விஷயம் கவனிக்க வேண்டும், அதனால் சொல்கிறேன்.

சோற்றை மாலை ஆறு, ஏழு மணிக்கு வடியுங்கள். புழுங்கல் அரிசிதான் நல்லது. ரேஷன் புழுங்கலரிசியே போதும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் அவர்கள் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பரப்பின மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் போன்ற ரகங்கள் கிடைத்தால் பழையதின் ருசியே தனி. மாப்பிள்ளைச் சம்பா நீராகாரம் குடிச்சுட்டுத்தான் இளவட்டக்கல் தூக்குவாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க.

இரவு சாப்பிட்டது போக மீதியைச் சூட்டோடு மூடி வைக்காதீர்கள். ஒரு தாம்பாளத்தில் பரப்பி சீக்கிரம் ஆற விடுங்கள். வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி வளரும். ஆறினதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மண்பானையில் போட்டு, காய்ச்சி ஆறின தண்ணி சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றுங்கள். மெல்லிய துணியால் வேடு கட்டி, வீட்டிலேயே குளுமையான மூலையில் வையுங்கள். உப்பு காலையில் போட்டால் போதும். பானைக்குள் கையை விடாதீர்கள், கரண்டியால் எடுங்கள்.

கத்திரி வெயிலில் காலை ஏழு, எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மத்தியானம் வரை இழுக்கக் கூடாது. இலேசான புளிப்பு வாசனை சரி. கொழகொழப்போ, துர்நாற்றமோ, நிறம் மாறியோ இருந்தால் யோசிக்காமல் மாட்டுத் தொட்டியில்கூட ஊற்றாமல் குப்பைக்குழியில் கொட்டுங்கள். பானையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல், தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பழையதும் சோறுதான். "பழையதுதானே, ஒண்ணும் பண்ணாது" என்று இரண்டு மடங்கு சாப்பிடக் கூடாது. மருத்துவர் சொன்ன அளவில் நில்லுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர்மிளகாய், கருவாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மாங்காயும் போதும்.

நெருப்பே இல்லாத தட்டு

அடுத்தது, தீ மூட்டாமலே செய்கிற சாப்பாடு. அது எப்படிச் சாப்பாடாகும் என்று கேட்பவர்கள் சமயபுரம் மாரியம்மனை நினைத்துக்கொள்ளட்டும். மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம், அவ்வளவுதான். வெயில் ஏறும் நேரத்தில் ஆத்தா அடுப்பையே அணைத்துவிடுகிறாள். நாம் ஒரு வேளை அணைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஸ்ரீராமநவமிக்குச் செய்கிற கோசுமல்லி உங்களுக்குத் தெரியும். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு டம்ளர் பயத்தம்பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைத்து வடித்துக்கொள்ளுங்கள். வெள்ளரிப்பிஞ்சு இரண்டு, மாங்காய் அரை மூடி, பச்சை மிளகாய் ஒன்று எல்லாம் பொடியாக நறுக்கி, தேங்காய்த் துருவல் ஒரு கை, உப்பு, எலுமிச்சைச்சாறு சேர்த்துக் கிளறினால் முடிந்தது. தாளித்தால் நல்லது, தாளிக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப் போகாது. கடித்துச் சாப்பிடப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பருப்பு இருப்பதால் வயிறும் நிற்கும்.

அவல் இன்னொன்று. கெட்டி அவலைக் கால் மணி நேரம் ஊற வைத்துப் பிழிந்து, தயிரும் உப்பும் பொடியாக நறுக்கின இஞ்சியும் சேர்த்தால் தயிர் அவல். வெல்லமும் தேங்காயும் சேர்த்தால் இனிப்பு அவல். மெல்லிய அவலாக இருந்தால் தண்ணியில் அலசி எடுத்தாலே போதும். பள்ளி விடுமுறையில் மத்தியானம் "அம்மா பசிக்குது" என்று வருகிற பிள்ளை தானே கலந்து சாப்பிடலாம்.

நம் பகுதியில் சம்பா, தாளடி அறுப்பை ஒட்டித் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். பங்குனியில் பயறு வீட்டுக்கு வந்துவிடும். அதைக் காலையில் ஊற வைத்து இரவில் ஈரத்துணியில் கட்டினால் மறுநாள் முளை விட்டிருக்கும். நன்றாக அலசி, தேங்காய், வெங்காயம், எலுமிச்சை சேர்த்துச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிடாமல் ஒரு கொதி விட்டுச் சாப்பிடுவது நல்லது.

குடிக்க நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணி, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை. நாரத்தை இலை இருந்தால் ஒன்றிரண்டு கசக்கிப் போடுங்கள், வாசனை தெரு முனைக்கு வரும். வெளி வேலைக்குப் போகிறவர்கள் காலையில் தூக்குவாளியில் இதை ஊற்றிக்கொண்டு போனால், கடையில் பாட்டில் பானம் வாங்க வேண்டாம்.

ஒரு வாரம் வேலை, நாலு மாசத் துணை

காலையில் பழையது, மத்தியானம் மோர்ச்சோறு என்றால் தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்வி வரும். அதற்குத்தான் நம் முன்னவங்க மாசி, பங்குனியிலேயே வேலையை முடித்து வைத்தார்கள். கத்திரி வெயிலில் அடுப்பு முன்னால் நிற்காமல், வெயிலையே அடுப்பாக்கிக்கொண்டார்கள்.

தஞ்சாவூர்க் குடமிளகாயில் போட்ட மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், கொத்தவரை வற்றல், கூழ் வடாம், மாவடு, உப்பு நாரத்தங்காய். இவற்றோடு வேப்பிலைக்கட்டி. பெயர்தான் வேப்பிலை, போடுவது நாரத்தை, எலுமிச்சை இளம் இலை. நரம்பு எடுத்து, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டினால் மாதக்கணக்கில் கெடாது. மோர்ச்சோற்றுக்கு அதைவிடப் பொருத்தம் எது?

சின்ன வெங்காய வடகம் நம்ம ஊர்ச் சொத்து. ஒரு உருண்டையை வறுத்து, தேங்காய், புளி, வறுத்த மிளகாயோடு அரைத்தால் வடகத் துவையல். ஒரு துவையல் இருந்தால் குழம்பும் வேண்டாம், பொரியலும் வேண்டாம். அம்மிக்கல்லோ மிக்சி ஜாரோ கழுவினால் வேலை முடிந்தது.

தனியாகச் செய்தால் இதுவும் ஒரு பெரிய சுமைதான். அதனால் குழுவாகச் செய்யலாம். பன்னிரண்டு பேர் குழுவில் ஆளுக்கு ஒரு சாமான் கொண்டு வந்து, ஒரு வாரம் ஒரே களத்தில் காய வைத்துப் பங்கு பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழெட்டு வகை வந்துவிடும். காக்கா ஓட்ட முறை வைத்துக்கொள்ளலாம். மிஞ்சினதை விற்க நினைக்கிற குழுக்கள், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு "மதி" அங்காடி மூலம் விற்கலாம். பதனிடும் முறையில் சந்தேகம் இருந்தால், தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சி விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் நம் வீட்டு ஜாடி நிறையட்டும், பிறகு கடைக்குப் போகட்டும்.

ஒரே பாத்திரம், ஒரு வைக்கோல் கூடை

எல்லா நாளும் பச்சையாகவே சாப்பிட முடியாது. சமைக்கிற நாளில் ஒரே பாத்திரத்தில் சமைப்போம். நாகூர், அதிராம்பட்டினம் பக்கம் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். அரிசி, பயத்தம்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே குண்டானில். நாள் முழுக்கப் பட்டினி இருந்த வயிற்றுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறீர்கள். கோடை இரவுக்கும் அது நல்ல சாப்பாடு.

எரிவாயு மிச்சப்படுத்த ஒரு வழி. ஒரு பெரிய கூடையில் வைக்கோலை இறுக்கமாகத் திணித்து, நடுவில் குண்டான் உட்காருகிற அளவு குழி வையுங்கள். அரை மணி நேரம் ஊறின அரிசியை அளவான தண்ணியில் போட்டு, நன்றாகக் கொதி வந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் மூடியோடு இறக்கி அந்தக் குழியில் வைத்து, மேலே பழைய தலையணையைப் போட்டு அமுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். தடி அரிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்க விட வேண்டும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்தில் வீடுகளில் இதைச் செய்தார்கள். அவங்களுக்கு வைக்கோல் தேடணும், நமக்கு வாசல்லயே போர் கிடக்கு. வெந்ததும் சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள், மணிக்கணக்கில் கூடையிலேயே விடாதீர்கள்.

இலை போட்டால் பாதி வேலை போச்சு

திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைக்குப் பஞ்சமா? கொல்லையில் இரண்டு வாழை நின்றாலே ஒரு வீட்டுக்குப் போதும். விருந்துக்கு நுனி இலைதான் வேண்டும் என்பது விருந்துக்கு. நாள்தோறும் கிழிசல் இலையை ஏடாக நறுக்கிக்கொள்ளலாம். ஐந்து பேருக்கு ஐந்து தட்டு, மூன்று வேளைக்குப் பதினைந்து தட்டு தேய்க்கிற வேலை போய்விடும். சாப்பிட்ட இலை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகும். வாழையிலை மாதிரியே இருக்கிற பிளாஸ்டிக் பூசின காகிதத்தை வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தலைவாழையில் ஒரு கை கோசுமல்லி, ஓரத்தில் வடகத் துவையல், பொரித்த கூழ் வடாம், மாவடு, நடுவில் மாதுளையோ திராட்சையோ தூவின தயிர்ச்சோறு, பக்கத்தில் மண் குவளையில் நாரத்தை இலை போட்ட மோர், கடைசியில் நாலு நுங்கு. இதுக்கு மேல் அழகு எந்த ஓட்டலில் இருக்கிறது? பொரிக்கிற நேரம் பத்து நிமிடம். மீதி நேரம் விருந்தாளியோடு நீங்களும் உட்கார்ந்து பேசலாம்.

இலேசான சாப்பாடு, வெறும் சாப்பாடு ஆகக் கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இந்தப் பந்தலில் இருக்கிறவர்களை அப்படியே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

"வெயிலுக்குச் சாப்பாடு இறங்கலை" என்று சோறும் ஊறுகாயும் தின்று நாளை ஓட்டினால் ரத்தம் எங்கிருந்து ஊறும்? சமையலைக் குறைக்கலாம், சத்தைக் குறைக்கக் கூடாது. அதனால் ஒரு நாளைக்குள் இந்த மூன்றும் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒன்று, பருப்போ பயறோ முட்டையோ மீனோ. இரண்டு, கீரை. முருங்கைக்கீரை வதக்க எட்டு நிமிடம் போதும். மூன்று, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, மாங்காய் போன்ற ஏதாவது ஒரு புளிப்பு. கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்தப் புளிப்புத்தான் உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காலை: பழையது, மோர், சின்ன வெங்காயம், முந்தின நாள் அவித்த பயறோ முட்டையோ. அடுப்பு இல்லை. முந்தின நாள் அவித்ததை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மட்டும் சாப்பிடுங்கள், முட்டையை ஓட்டோடு வையுங்கள்.

காலை எட்டு மணிக்குள்: மத்தியானத்துக்குச் சோறு வைத்து வைக்கோல் கூடையில் இறக்கிவிட்டு, அதே அடுப்பில் கீரையும் துவையலுக்கு வறுக்கிறதும். எட்டரைக்கு அடுப்படி சாத்தியாகிவிட வேண்டும். ஒன்பது மணிக்குச் சோற்றைக் கூடையிலிருந்து எடுத்து, தாம்பாளத்தில் ஆறவிட்டுத் தயிரில் பிசைந்து மூடி வையுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் அதில் வையுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மத்தியானத்துக்கு அவலும் கோசுமல்லியும் வைத்துக்கொண்டு, சோற்றை மாலைக்குத் தள்ளிவிடுங்கள்.

மத்தியானம்: இலையில் தயிர்ச்சோறு அல்லது அவல், கோசுமல்லி, வற்றல். அடுப்பு இல்லை.

மாலை வெயில் தாழ்ந்ததும்: சூடாகச் சோறும் ஒரு குழம்பும், அல்லது கஞ்சி. மீதிச் சோறு பானைக்கு.

இப்படிச் செய்தால் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது மிச்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரம் 25 நாள் என்றால் 50 மணி நேரம். அந்த நேரத்தில் தையல் போடலாம், குழுக் கணக்கு எழுதலாம், காலை நீட்டிப் படுக்கலாம். படுத்தாலும் தப்பில்லை.

கடைசியாக, முக்கியமாக

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்டால் எல்லாம் வீணாகிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது.

பழையது நம் வீடுகளில் யார் தட்டில் விழுகிறது? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இட்லி, சுடுசோறு. எல்லாரும் எழுந்து போன பிறகு, மிஞ்சினதைத் தூக்கிப் போட மனசில்லாமல் பானையடியில் உட்கார்ந்து குடிப்பது மருமகள். பழையது நல்லது என்று நான் பேசினதை வீட்டில் போய்ச் சொல்லி, "அதான் கூட்டத்துலயே சொல்லிட்டாங்களே, நீ பழையதே சாப்பிடு" என்று யாராவது சொன்னால், என் பேச்சு நமக்கே எதிராகத் திரும்பிவிடும். அதற்காக நான் மேடை ஏறவில்லை.

ஒரே பானை, ஒரே சோறு, எல்லாருக்கும். மாமனாருக்கும் அதே, மகனுக்கும் அதே, நமக்கும் அதே. எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். முட்டை நாலு இருந்தால் நாலாவது நம் இலையில் விழ வேண்டும். மாமியார்களாக இருக்கிற அக்காமார்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் ஆரம்பித்தால்தான் நடக்கும். "இன்னிக்கு எல்லாருக்கும் பழையதுதான், நானும் அதான் சாப்பிடறேன்" என்று நீங்கள் முதலில் உட்கார்ந்தால், எதிர்த்துப் பேச வீட்டில் ஆள் இல்லை.

பானையில் தண்ணி ஊற்றி மூடுவதற்கும், அவல் ஊறப் போடுவதற்கும், இலை நறுக்குவதற்கும் பெண்ணாகப் பிறந்திருக்கத் தேவையில்லை. இந்தச் சாப்பாட்டில் இருக்கிற பெரிய வசதியே அதுதான். பத்து வயசுப் பையனுக்கும் செய்ய வரும். கோடை விடுமுறையில் கற்றுக் கொடுங்கள். வளர்ந்த பிறகு அவன் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அது நீங்கள் போடுகிற சீர்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் முடிந்ததும், ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வாரத்தில் மூன்று நாளாவது காலையில் அடுப்பு பற்ற வைப்பதில்லை, அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கடனுக்குக் கையெழுத்துப் போட்டுத் தவணை தவறாமல் கட்டுகிறவர்கள் நாம். இதையும் நிறைவேற்றிக் காட்டுவோம். ஆனி மாசக் கூட்டமைப்புக் கூட்டத்தில் எந்தக் குழு எத்தனை நாள் கடைப்பிடித்தது என்று நான் கேட்பேன், தயாராக வாருங்கள்.